அக்காவின் நெஞ்சுச் சத்தம்

அக்கா வீட்டில் கரண்ட் போனால் எனக்குப் பிடிக்கும். ஃபேன் நின்று, பக்கத்து வீட்டு ரேடியோ நின்று, எல்லாம் அடங்கிய பிறகு அவளுடைய நெஞ்சிலிருந்து அந்தச் சத்தம் கேட்கும். டிக், டிக் என்று, தகர டப்பாவுக்குள் போட்ட கைக்கடிகாரம் மாதிரி. அவள் அடுப்பண்டை நிற்கிறாளா, வாசலுக்கு வந்துவிட்டாளா என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். "உங்கக்காவால ஒரு ஊட்லயும் திருடப் போவ முடியாது மச்சான், உள்ள நுழையறதுக்கு முன்னாடியே காட்டிக் குடுத்துடும்" என்பார் மாமா. "திருடற மாதிரி உன் ஊட்ல இன்னா கீது, அத்த சொல்லு மொதல்ல" என்பாள் அக்கா.

மாமா ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஒரு அறை, ஒரு கூடம், பின்னால் துணி துவைக்கும் கல். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்துப் பட்டறை, அப்புறம் நாக்பூர் லாரியில் கிளீனர், பட்டாபிராம் ரயில்வே சைடிங்கில் மூட்டை இறக்குகிற வேலை, பம்பாயில் கொஞ்ச காலம் என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒரு ஊரில் இரண்டு மழைக்காலம் தங்கியதில்லை. சாக்கின் மேல் தூங்கினேன், லாரியின் அடியில் தூங்கினேன், அதில் குறையொன்றும் இல்லை. உடம்புக்கு முடியாமல் போனாலோ வேலை போனாலோ அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். வந்து சாப்பிட்டு, தூங்கி, தேறியதும் கிளம்பிவிடுவேன். அவள் ஒரு தடவைகூட ஏன் வந்தாய் என்றோ எப்போது போவாய் என்றோ கேட்டதில்லை.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில்தான் நாங்கள் பிறந்தோம். அப்பாவும் அம்மாவும் ஏரிப் பாசன வயல்களில் கூலிக்குப் போனார்கள். சிறுமியாக இருந்தபோது அக்காவுக்கு அடிக்கடி தொண்டை நோகும், காய்ச்சல் அடிக்கும், பிறகு முட்டி வீங்கும். ஒரு முட்டி வடிந்தால் இன்னொரு முட்டி. நடவுச் சேற்றில் நின்ற குளிர் என்று சொல்லி விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டார்கள். அந்தக் காய்ச்சல் முட்டியோடு நிற்காமல் இதயத்துக்குள் போய் வால்வைத் தின்றிருக்கிறது. அது எங்களுக்குத் தெரியவந்தபோது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு மகனும் பிறந்திருந்தான். பம்பிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்துவர நான்கு இடத்தில் இறக்கி வைத்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள்.

எண்பதுகளின் நடுவில் பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்று முடிவானது. தொழிற்சாலை வைத்தியம் பார்த்துக்கொண்டது. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் மாமாவையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டு விவரம் சொல்ல ஆரம்பித்தார். கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னத்தான சார் கீறப் போறீங்க. என்னாண்ட சொல்லுங்க."

டாக்டர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். அப்புறம் டாக்டர் அவளை உட்காரச் சொல்லி அவளுக்கே சொன்னார். நல்ல மனிதர், எதையும் பூசி மெழுகவில்லை. இதயத்தை நிறுத்திவிட்டு ஒரு மிஷின் ரத்தத்தை ஓட்டும். சிலர் கண் விழிப்பதில்லை. சிலர் விழிக்கும்போது ஒரு பக்கம் கை கால் வராமல் போகும். நெஞ்செலும்பைப் பிளந்த புண் சீழ் வைக்கலாம். இதையெல்லாம் தாண்டி வந்தாலும் வேலை முடிந்துவிடாது. கெட்டுப்போன வால்வுக்குப் பதிலாக உள்ளே வைக்கப்போவது உலோகம். ரத்தத்துக்கு அது வேற்றுப் பொருள், அதன் மேல் உறையப் பார்க்கும். உறைந்தால் வால்வு மாட்டிக்கொள்ளும், அல்லது ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போகும். அதனால் ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஒன்றை ஆயுசு முழுக்கத் தினமும் அதே நேரத்தில் போட வேண்டும். அது கூடினால் ரத்தம் நிற்காமல் போகும், குறைந்தால் உறையும். சொத்தைப் பல்லிலிருந்துகூடக் கிருமி போய் வால்வில் உட்காரும். இந்த மாத்திரையோடு இன்னொரு பிள்ளை சுமப்பது ஆபத்து.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அது மாட்டிக்கினா எனக்கு எப்பிடி சார் தெரியும்?"

"சத்தம் மாறும்மா. மங்கிப்போகும். மூச்சு முட்டும். அப்போ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது."

"சரி சார். கீறுங்க" என்றாள். வெளியே வந்து மாமாவிடம், பையனுக்கு மதியம் சோறு ஊட்டச் சொல்லி யாரிடம் விட்டு வந்தாய் என்று கேட்டாள்.

நான் பார்த்த தைரியசாலிகளில் பலர் குடித்திருந்தபோதுதான் தைரியசாலிகள். இவள் வெறும் வயிற்றில், தன் சாவைப் பற்றி ஒரு ஆள் விரல் விட்டு எண்ணிச் சொல்லச் சொல்ல, தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள்.

பிழைத்து வந்தாள். கழுத்துக்குக் கீழிருந்து நெஞ்சுக்குழி வரை ஒரு கோடு. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் வரிசையில் நின்று அவள் முதுகில் காது வைத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள். மாத்திரைக்குத் தொழிற்சாலைச் சங்குதான் கணக்கு. ஆவடியில் பாதிப் பேருக்குச் சங்குதான் கடிகாரம். சாயங்காலச் சங்கு ஊதினால் அக்கா எந்த வேலையில் இருந்தாலும் விட்டுவிட்டு அலமாரிக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை சங்கு கிடையாது. அதனால் ஞாயிறு சாயங்காலம் மாமா வாசலில் நின்று இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஊ...ம்" என்று நீளமாக ஊதுவார். தெரு நாய்கள் பதில் சொல்லும். எதிர்வீட்டுக்காரர், "அண்ணாத்தே, ஓவர்டைம் யாருக்குங்கோ?" என்று கேட்பார். அக்கா சிரித்துக்கொண்டே மாத்திரையை வாயில் போடுவாள்.

மாத்திரை ஒரு பக்கம் காப்பாற்றியது, ஒரு பக்கம் வதைத்தது. அரிவாள்மனையில் விரல் கீறினால் துணி துணியாக நனையும். பல் விளக்கினால் எச்சிலில் ரத்தம் வரும். வாளி வளையம் அழுத்தினால் கை நீலமாகிவிடும். ஒரு தடவை இரண்டு கையும் அப்படி இருந்ததைப் பார்த்துவிட்டு, பக்கத்து பிளாக்கில் இருந்த ஒரு அம்மா நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாமா ஷிப்ட் முடிந்து வரும்வரை காத்திருந்து பிடித்துக்கொண்டாள். ஆபரேஷன் பண்ண பொம்பளையைக் கைநீட்டி அடிக்கிறாயே, நீ மனுஷனா என்று கேட்டாள். மாமா சைக்கிளைக்கூட நிறுத்தாமல் திகைத்துப் போய் நின்றார். அக்கா வெளியே வந்து, "இந்த ஆளா? கொசு அடிக்கக்கூட என்னியத்தான் கூப்புடுது" என்று சொல்லி, அந்த அம்மாவின் தலையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்து, மாத்திரை கதை முழுவதையும் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த அம்மா ரத்தம் ஊறட்டும் என்று முருங்கைக்கீரையாக அனுப்பினாள். கீரை அதிகமானால் மாத்திரை வேலை செய்யாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அதையெல்லாம் நானும் மாமாவும் தின்றோம்.

இப்படியே சில வருஷம் ஓடியது. மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில், ஒரிசாப் பக்கம் லாரியில் போயிருந்த நான் மலேரியாவோடு திரும்பி, அது விட்டதும் ஆவடிக்கு வந்தேன். அக்கா வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. பையனுக்கு அம்மை.

மாமாவின் அம்மா பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கியிருந்தார். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். குள்ளமான, குரல் பெரிய பொம்பளை. என்னைப் படியில் நிறுத்தி, காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, "அங்கயே குந்து நைனா, வெயில்ல வந்த சூடு ஆறட்டும், அப்பால உள்ள வா" என்றார். அம்மை கண்ட வீடு என்றால் எங்களுக்கு அது சாமி வந்து தங்கியிருக்கிற வீடு. தாளிக்கக் கூடாது, கறி மீன் கூடாது, யாரும் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, பிச்சைக்காரர் வந்தால் அரிசி போடக் கூடாது. முக்கியமாக ஊசி மாத்திரை கூடாது. நோயாளிக்கு மட்டுமல்ல, அந்தக் கூரைக்குக் கீழே இருக்கிற யாருக்கும் கூடாது. வந்திருப்பவளை மருந்து காட்டி விரட்டினால் அவள் கோபம் பிள்ளை மேல் இறங்கும். எங்கள் பக்கத்தில் யாரும் இதை யாருக்கும் விளக்கிச் சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

பையனுக்கு உடம்பு முழுக்க முத்து போட்டிருந்தது. கண் இமையில்கூட. வாழையிலையில் படுக்க வைத்திருந்தார்கள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் வருடிக்கொண்டிருந்தாள். சூடு ஆறியதும் நான் உள்ளே போய் அவளுக்கு எதிரில் சுவரோரம் உட்கார்ந்தேன். முகம் உப்பியிருந்தது. பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி மூச்சு எடுத்தாள். தூக்கமில்லை, அதனால்தான் என்றாள்.

மத்தியானம் கரண்ட் போனது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது. நான் பழக்கத்தில் காத்திருந்தேன். பையன் முனகுவது கேட்டது, தூரத்தில் அரக்கோணம் வண்டி போவது கேட்டது. அவள் சத்தம் கேட்கவில்லை. கிட்டே நகர்ந்தேன். இருந்தது, ஆனால் டிக் என்று இல்லை. கடிகாரத்தை ஈரத்துணியில் சுற்றியது போல, தொம், தொம் என்று எங்கோ அடியில்.

"அக்கா, உன் சத்தம் எங்க?"

அவள் பையனை வருடுவதை நிறுத்தவில்லை.

"கொஞ்ச நாளாவே கம்மியாத்தான்டா கீது. எனுக்குத் தெரியும்."

"மாத்திரை?"

"ஆத்தா எறங்கட்டும். தண்ணி ஊத்தினப்பால போட்டுக்கறேன்."

பையனுக்கு வேப்பிலை வைத்த நாளிலிருந்து அவள் மாத்திரை போடவில்லை. யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. அத்தைக்கு அப்படி ஒரு தினசரி மாத்திரை இருப்பதே பாதி மறந்திருந்தது. அக்கா தானாகவே அட்டையை எடுத்துப் பரணில் போட்டுவிட்டாள். இன்னொரு பிள்ளை பெற முடியாதவளுக்கு இருக்கிற ஒரே பிள்ளை. மாத்திரை போட்டு அவன் கண் போய்விட்டால் என்கிற கணக்கும், போடாமல் தன் வால்வு நின்றால் என்கிற கணக்கும் அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டையும் தெரிந்தேதான் இதை எடுத்தாள். மாமா எப்படிக் கவனிக்கவில்லை என்று பிறகு கேட்டேன். வேலை நாளில் சங்கு ஊதும்போது அவர் தொழிற்சாலையில் இருப்பார். ஞாயிறு அவர் வாயால் ஊதியபோது, கையை வாய்க்குக் கொண்டுபோய்த் தண்ணீர் குடித்து, தொண்டையை அசைத்துக் காட்டினாளாம்.

"அக்கா, டாக்டர் ஒரு நாள்கூட வெயிட் பண்ணக் கூடாதுன்னாரு. நீதான் கேட்ட."

"நான்தான் கேட்டேன். மறக்கல. ஆனா இந்த ஊட்டுலேர்ந்து இப்போ யாரும் ஆஸ்பத்திரிக்கிப் போவக் கூடாதுடா. போனா அவளும் கோவிச்சிக்கினு..." மீதியைச் சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை.

அத்தை அடுப்பங்கரையில் கேழ்வரகுக் கூழ் கிளறிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொன்னேன். சத்தம் மங்கினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னதையும், மாத்திரை நிறுத்தியதையும் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். கரண்டியைப் பானையிலேயே விட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். மருமகள் முன்னால் மண்டிபோட்டு அவள் நெஞ்சில் காது வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

"ஏம்மே," என்றார். குரல் சின்னதாகிவிட்டது. "கண்ணாலம் பண்ணி வந்தப்போ மூச்சு சத்தம் இருந்திச்சி. அப்பால இந்த டிக் டிக். இப்போ ஒண்ணுமே இல்லியே."

அக்கா சிரிக்கப் பார்த்தாள்.

அத்தை எழுந்து வாசலுக்குப் போனார். வேப்பிலைக் கொத்தின் முன்னால் நின்று, தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கும்படி சாமியோடு பேசினார். "தாயீ, இவ உன்னிய மதிக்காம போவல. நான் அனுப்பறேன். கோவம்னா எம்மேல எறங்கு. நானும் இந்த ஊட்லதான் கீறேன். புள்ளையாண்ட போவாத." பிறகு உள்ளே திரும்பி, என்னைப் பார்த்து, "இன்னா பாத்துகினு நிக்கிற? ஆட்டோ இட்டா" என்றார்.

அந்த அதட்டலை இன்னும் மறக்கவில்லை. அம்மை வீட்டிலிருந்து, தண்ணீர் ஊற்றும் முன்னால், நோயாளியின் தாயையே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது அவர் வாழ்ந்த வாழ்க்கையில் யாரும் செய்யாத காரியம். பேரனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் சொந்தக்காரர்கள் அவரைக் கொன்று போட்டிருப்பார்கள். அது தெரிந்துதான் செய்தார்.

ஆட்டோ வந்து நின்றும் அக்கா எழுந்திருக்க மறுத்தாள். அத்தை அவளிடம் வாதம் பண்ணவில்லை. வேப்பிலைக் கொத்திலிருந்து ஒரு இணுக்கு கிள்ளி அவள் தலையில் செருகினார். "அவளும் உங்கூட வரா. ஏறு" என்றார். அக்கா ஏறினாள்.

தொழிற்சாலை ஆஸ்பத்திரி வரை ஆட்டோவில் போனோம். அங்கே நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்ட டாக்டர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அம்மை வீட்டிலிருந்து வருவதைச் சொன்னபோது, அக்காவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டிருக்கிறதா என்று கேட்டார். போட்டிருக்கிறது, அவள் கன்னத்தில் தழும்பு இருந்தது. தகவல் போய் ஓடிவந்த மாமா தொழிற்சாலை உடையோடு எண்ணெய்க் கையோடு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார். வழி முழுக்க அவள் படுக்கவில்லை. உட்கார்ந்தபடியே முன்னால் குனிந்து காற்றைத் தேடினாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் வேறொரு டாக்டர் இருந்தார். வால்வின் மேல் ரத்தம் உறைந்துவிட்டது, ஒரு தட்டு பாதிதான் திறக்கிறது என்றார். நெஞ்சைத் திறந்து வேறு வால்வு போடலாம். அல்லது உறைந்ததைக் கரைக்கும் மருந்தை ஏற்றிப் பார்க்கலாம். கரையும்போது துணுக்கு கிளம்பி மூளைக்குப் போகலாம், வேறு எங்காவது ரத்தம் கசியலாம். இப்போதிருக்கிற நிலையில் கத்தியை அவள் தாங்குவது சந்தேகம். இந்தத் தடவை மாமா டாக்டரை நிறுத்தி, "அவளாண்ட சொல்லுங்க சார். அவதான் கேப்பா" என்றார். முகத்தில் ஆக்சிஜன் மூடியோடு அக்கா கேட்டாள். கரைக்கிறது என்று கையால் காட்டினாள்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. உள்ளே ஒருவரைத்தான் விட்டார்கள். மாமா அழுதுகொண்டிருந்தார், நான் போனேன். அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதியில் அந்தக் கை என் கையை விட்டுவிட்டது. விரல்கள் கொத்தமல்லிக் கட்டு வாடினது போலத் தொய்ந்தன. வாய் ஒரு பக்கம் இழுத்தது. நர்ஸைக் கூப்பிட்டேன். டாக்டர் சொன்ன அந்தத் துணுக்குதான். மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்று அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் அவள் தலையணை அருகே குனிந்தேன். ஆஸ்பத்திரியில் ஆயிரம் மிஷின் சத்தம். அத்தனைக்கும் நடுவில் மெல்ல, டிக். அப்புறம் டிக். எனக்குத் தெரிந்த சத்தம். டாக்டரிடம் சொன்னேன். அவர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஆமாம், திறந்துகொண்டது என்றார்.

பையனுக்கு அம்மை இறங்கி, அத்தை மூன்று தண்ணீரும் ஊற்றி முடித்தார். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்கில் மட்டும் ஒரு தழும்பு. அக்கா வீட்டுக்கு வந்தபோது பேச்சு குழறியது, வலது கையில் பிடிப்பு இல்லை. பேச்சு சில மாதத்தில் திரும்பியது. கை முழுதாகத் திரும்பவில்லை. இடது கையால் அரிசி களைந்தாள், இடது கையால் கோலம் போட்டாள். கோணலாக வந்த கோலத்தைப் பார்த்து மாமா, குடித்துவிட்டுப் போட்டாயா என்று கேட்டால், "ஆமா, நீ வாங்கிக் குடுத்த" என்பாள். இரக்கப்படும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுவாள்.

மாத்திரை அட்டையைக் கிழிக்கத்தான் அவளால் முடியாது. அத்தை பூந்தமல்லிக்குத் திரும்பவே இல்லை. அந்த வேலையை அவர் எடுத்துக்கொண்டார். சாயங்காலச் சங்கு ஊதினால் அத்தை அட்டையைக் கிழித்து, மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். அக்கா விழுங்கிய பிறகு, "வாயத் தொற" என்பார். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார். தொண்டையை அசைத்துக் காட்டுகிற வித்தை அவரிடம் நடக்காது.

சில வருஷம் கழித்து நான் அம்பத்தூரில் ஒரு வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில், அதே பிளாக்கில் இன்னொரு வீட்டில் அம்மை வந்து, அங்கிருந்து அக்கா வீட்டுக்கும் வந்தது. இந்தத் தடவை மாமாவுக்கு. பெரிய ஆளுக்குப் போட்டால் கடுமை. வாசலில் வேப்பிலை, தாளிப்பில்லாத குழம்பு, எல்லாம் அப்படியே. நான் படியில் உட்கார்ந்து சூடு ஆறிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அக்கா அலமாரியைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள்.

அத்தை ஒரு மாத்திரையைக் கிழித்தெடுத்தார். அதை நேராகக் கொடுக்கவில்லை. மஞ்சள் தண்ணீர்ச் சொம்பின் மேல் இருந்த வேப்பிலையில் வைத்தார். கற்பூரம் காட்டினார். கும்பிட்டார். பிறகு அந்த இலையோடு எடுத்து மருமகளிடம் நீட்டினார்.

"இப்போ இது மருந்து இல்ல. அவ குடுக்கறது. துன்னு."

அக்கா இடது கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள். அத்தை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். உள்ளே வாழையிலையில் படுத்திருந்த மாமா, உடம்பெல்லாம் முத்தோடு, "எனுக்கும் ஒண்ணு குடேன், அரிப்பு தாங்கல" என்றார். "நீ சும்மா கெட" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அடுத்து வந்த ஞாயிறு அங்கே சங்கு ஊத ஆளில்லை. மாமாவுக்குத் தொண்டை வரை முத்து. நான்தான் வாசலில் நின்று கையைக் குவித்து ஊதினேன். அவர் அளவுக்கு நீளமாக வரவில்லை. ஆனாலும் உள்ளே அட்டை கிழிகிற சத்தம் கேட்டது.